யதுஷா அனுப்பிய இரத்த ரிப்போட்

இந்த வெள்ளவத்தை மண்டபத்திலே தலைமையேற்று வீற்றிருக்கும் மருத்துவர் பஸீஹா அவர்களே, வத்தளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் பெரியோரே, பிள்ளைகளின் கலியாணக் கவலையைச் சுமக்கும் தாய்மாரே, பின்வரிசையில் போன் பார்க்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த நாகேந்திரத்தின் நெஞ்சார்ந்த வணக்கம்.

கலியாணத்துக்கு முன் இரத்தம் பார்க்கச் சொல்லும் இந்தக் கூட்டத்தில் யதுஷாவைப் பாராட்டிப் பேசச் சொன்னார்கள். ஏன் என்னை அழைத்தார்கள்? அந்தப் பிள்ளையை அவமதித்தவன் நான் என்பதால்!

சென்ற வருஷம் என் மகன் சுகிர்தனுக்குப் பெண் தேடினோம். யதுஷாவின் சாதகக் குறிப்பு வந்தது. பத்தில் எட்டுப் பொருத்தம்! கூடவே ஓர் இரத்த ரிப்போட்டும் வந்தது. தலசீமியா காவி, அதாவது அந்த இரத்த நோயின் கூறைத் தன் உடம்பில் காவுகிறவள் என்றிருந்தது. காவி நோயாளியல்ல, சுகமாக வாழ்பவர். கணவன், மனைவி இருவருமே காவிகளானால்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர இடமுண்டு. அந்தப் பிஞ்சுக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். இன்று விளக்கமாகப் பேசுகிறேன். அன்று? இரத்தம் பழுது என்று குறிப்பைத் திருப்பி அனுப்பினேன்.

டொக்டர் எழுதித்தரும் மருந்துத் துண்டையே மடித்து ஒளிக்கும் சனம் நாங்கள். மறைக்க முடிந்தும் மறைக்காதவள் அவள்! அழுதாளா? ஏசினாளா? எனக்குப் போன் எடுத்தாள்.

"என்னை வேண்டாமெண்டு சொல்லுங்கோ அங்கிள், பரவாயில்லை. அடுத்த பொம்பிளையைப் பாக்க முதல் உங்கட மகன்ர இரத்தத்தை ஒருக்காப் பாருங்கோ."

ஆம்பிளைப் பிள்ளைக்கு என்ன பரிசோதனை என்று குதித்தேன். சிரிக்கிறீர்கள்! முன்வரிசை ஐயா, உங்கள் மகனுக்குப் பார்த்தாயிற்றா? அதுதானே, மனைவியைத் திரும்பிப் பார்க்கிறீர்கள்.

மகன் என்னைக் கேளாமலே போய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தான். அவனும் காவி! உடனே மனைவியின் பக்கம் திரும்பினேன். அவருக்கு இல்லை. எனக்கு எடுத்தார்கள். இருந்தது! அறுபத்து நாலு வருஷமாக என் உடம்பில் இருந்ததை வைத்தே ஊரார் பெற்ற பிள்ளையைத் தள்ளிவைத்திருக்கிறேன். வெட்கத்தில் இரண்டு நாள் வாசற்படி இறங்கவில்லை.

நான் முறித்த பேச்சைப் பிள்ளைகள் இருவரும் திரும்ப எடுத்து, டொக்டரிடம் கேட்டறிந்து, தாமே கதைத்து, இந்தக் கலியாணம் வேண்டாமென்று மரியாதையோடு முடிவெடுத்தார்கள். எனக்கு ஒரு பேரப்பிள்ளை பிறந்து வாடியிருக்கக்கூடும். தடுத்தது யார்? சாத்திரமா? சம்பிரதாயமா? என் சாமர்த்தியமா? இந்தப் பிள்ளையின் துணிவு! துணிவு! துணிவு!

பொறுங்கோ, கைதட்டலைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கோ. மகள் யதுஷா, உன்னைக் கேவலமாகக் கதைத்தேன். சபையறிய மன்னிப்புக் கேட்கிறேன்.

பக்கத்து அறையில் இரத்தம் எடுக்க மேசை போட்டிருக்கிறது. பெண்பிள்ளைகள் சற்று இருங்கள். மாப்பிள்ளை பெற்ற அப்பாமாரே, நீங்கள் முதலில் எழும்புங்கோ! பொறுமையாகக் கேட்ட எல்லோருக்கும் நன்றி. எழும்பி நடப்பவர்களுக்கு என் தனி வணக்கம்.