பஸ் ரோட்டுச் சரிவில் பன்னிரண்டு பலா

செபஸ்ரியன்: ...குருவி போட்ட கொட்டைனு மட்டும் சொல்லிராத, விஜயகலா.

விஜயகலா: பலாக்கொட்டைய முழுங்குற குருவி எங்கண்ணே இருக்கு? பன்னி தின்னுட்டுப் போட்டிருக்கும்.

செபஸ்ரியன்: பத்தடிக்கு ஒன்னு, கயிறு புடிச்சாப்லயா?

விஜயகலா: தேயிலத் தோட்டத்துப் பன்னிங்க. நெர புடிச்சே பழகுனது.

செபஸ்ரியன்: ஒவ்வொரு கன்னுக்கும் ஒரு தண்ணிப் போத்தல். ஓட்ட போட்டு, சொட்டுச் சொட்டா... அதுவும் பன்னி வேலதானா?

விஜயகலா: வாட்சர்னா இவ்ளோ கேள்வி கேக்கணுமா? கொழுந்தத் தராசுல நிறுத்துட்டு வீட்டுக்குப் போக விடுங்கண்ணே.

செபஸ்ரியன்: தோட்டத்துத் தொரை ரோட்டுல ஜீப்ப நிப்பாட்டி எண்ணிருக்காரு. பன்னெண்டு போத்தல். யாரு வச்சதுனு பேரு கேக்குறாரு.

விஜயகலா: ...பலா என்னண்ணே பண்ணுச்சு அவருக்கு?

செபஸ்ரியன்: தெரியாத மாதிரி கேக்காத. பலா மரமாயிருச்சுனா கவர்மென்ட் பெர்மிட் இல்லாம வெட்ட ஏலாது. அந்த எடத்துல கராஜ் வரப் போகுது. மண்ணு வெட்ட பெக்கோ மெஷின் எறங்கணும்.

விஜயகலா: சரிவ வெட்டுனா மேல எங்க லயத்து வீடுங்க நிக்குமா? போன மழையில நாங்க சோறாக்குற குசினி பாதி ரோட்டுக்குப் போயிருச்சு. புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடுனேன்...

செபஸ்ரியன்: தெரியும். ஒங்க அரிசி வாளிய நாந்தான ரோட்டுல பொறுக்குனேன்.

விஜயகலா: அப்ப கேளுங்க. லயத்துல பன்னெண்டு வீடு, வீட்டுக்கு ஒரு கன்னு. கீழ டவுன்ல பேக்கரி வச்சிருக்குற பஸ்லான் நானா கூட வந்து தண்ணி ஊத்துறாரு. மண்ணு எறங்குனா அவரு கடை மேலதான எறங்கும். பேரு வேணும்னா எம் பேரக் குடுங்க. மத்தவங்க வேணாம்.

செபஸ்ரியன்: வேல போயிரும்.

விஜயகலா: போகட்டும். கன்ன மட்டும் விட்டுருங்கண்ணே. மூணு காஞ்சே போயிருச்சு. ஒரு வாரத்துல தானா துளுத்து நிக்குது. மாரியம்மா கண் தொறந்தானு வெளக்கு ஏத்துனேன். அதயா புடுங்குவீங்க?

செபஸ்ரியன்: புடுங்கியாச்சு.

விஜயகலா: ...என்னது?

செபஸ்ரியன்: காலையில ஆபீஸ் வாசல்ல போட்டேன். தொரை எண்ணிப் பாத்தாரு. பன்னெண்டும் சரியா இருந்துச்சு.

விஜயகலா: நீங்களுமாண்ணே... ஒங்க வீடும் அந்த மண்ணு மேலதான நிக்குது. நல்லா இருங்க. வழிய விடுங்க.

செபஸ்ரியன்: இரு, தங்கச்சி. போற வழியில போத்தல எல்லாம் எடுத்துரு. ரோட்டுல இருந்து பாத்தா மின்னுது.

விஜயகலா: கன்னே இல்ல. வெறும் போத்தல் மின்னுனா என்ன, மின்னாட்டி என்ன?

செபஸ்ரியன்: தொரை அட்டைக் கடிக்குப் பயந்து சரிவுல எறங்க மாட்டாரு. இடுப்பளவு மானாப் புல்லுக்குள்ள கன்னு தெரியாது. போத்தல்தான் காட்டிக் குடுக்குது.

விஜயகலா: எந்தக் கன்னுண்ணே? அதான் ஆபீஸ்ல கெடக்குதே...

செபஸ்ரியன்: அங்க கெடக்குறது எங்க வீட்டுப் பின்னால நான் மொளைக்கப் போட்டு வச்சிருந்தது. பதினஞ்சு இருந்துச்சு. மூண ஏற்கனவே ஒங்க சரிவுல நட்டுட்டேன், காஞ்சத எடுத்துட்டு. ...நீ பாட்டுக்கு வெளக்க ஏத்து. அத நிப்பாட்டிராத.