அம்மணிக்கு விழுந்த ஓட்டு

பிள்ளைகளுக்கு உயிரியல் பிடிக்காமல் போனால் அது அவர்கள் குற்றமில்லை, இன்ஸ்பெக்டர் சார். பாடத்தை கம்ப்யூட்டர் விளையாட்டாக மாற்றித் தருவதுதான் என் தொழில். ஆர்.எஸ்.புரத்தில் என் அலுவலகத்தை நீங்களே பார்த்தீர்கள்.

இன்சுலின் பாடத்துக்குச் செய்த விளையாட்டில் திரையில் 'அம்மணி' என்றொரு பெண் இருப்பாள். அவளுடைய ரத்தச் சர்க்கரையைப் பார்த்து, சாப்பிடக் கொடுப்பதா, ஊசி போடுவதா, பொறுத்திருப்பதா என்று வகுப்பே ஓட்டுப் போட வேண்டும். முதலில் ஒரு பள்ளியில் கொடுத்துப் பார்த்தபோது ஆசிரியர் இல்யாஸ் சிரித்தார்.

"புள்ளைக வேணும்னே ஊசியப் போட்டுக் கொல்லுதுங்க சார். செத்தா மறுபடியும் ஆரம்பிச்சுக்குதுங்க. பயமே இல்லீங்க."

அவர் சொன்னது நியாயம். நானாக எழுதிவைத்த எண்களுக்கு யார் பயப்படுவார்கள்?

என் மனைவி மோகனப்பிரியாவுக்குச் சிறு வயதிலிருந்தே சர்க்கரை நோய். அவள் கையில் ஒட்டியிருந்த சென்சார் என் போனுக்குச் சர்க்கரை அளவை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை அம்மணிக்கு இணைத்தேன். பிள்ளைகளிடம் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. அவளுக்குக் கண் மங்கியிருந்ததால் ஊசி போடுவது நான்தான். வகுப்பின் ஓட்டு என் போனுக்கு வரும்; அது சொன்னபடி போட்டேன். அம்மணி நிஜ உடம்பைப் போல வாடினாள், தேறினாள். பிள்ளைகள் விளையாடுவதை விட்டு யோசிக்கத் தொடங்கினார்கள்.

"ஏனுங்க, இப்பெல்லாம் போனப் பாத்துப்போட்டுத்தான் ஊசிய எடுக்கறீங்க. யாரு சொல்றாங்க?" என்று ஒருநாள் மோகனா கேட்டாள்.

"ஒரு கூட்டமே சொல்லுது."

"அத்தன டாக்டருங்களா? அப்ப பீஸும் கூட்டமாத்தான் கேப்பாங்க."

சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு ஊசி போடும்போதெல்லாம் என் முகத்தின் பக்கமே திரும்பியிருப்பாள். அந்தக் கண்ணுக்கு என்ன தெரிந்ததோ.

பிள்ளைகள் தப்பாக ஓட்டுப் போட்டதால்தான் அவள் இறந்தாள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். அன்று காலை அளவு மிகவும் தாழ்ந்திருந்தது. ஊசி வேண்டாம், வெல்லம் கொடுங்கள் என்று ஒருவர் விடாமல் சொன்னார்கள். அவ்வளவு தேறியிருந்தார்கள். தவறினால் என்ன ஆகும் என்று பார்க்காமலே பாடம் முடிந்துவிடும் போலிருந்தது.

வெல்லத்தைச் சமையலறையிலேயே விட்டுவிட்டு ஊசியை எடுத்தேன். மோகனா கையை நீட்டினாள்.

திரையில் அம்மணியின் சர்க்கரைக் கோடு இறங்கிக்கொண்டே போவதை வகுப்பு முழுக்கப் பார்த்ததாம். "நாங்க வெல்லந்தானே குடுத்தோம்" என்று ஒரு பெண் அழுதாளாம். அவர்கள்மேல் பழி வரக் கூடாது, சார். எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டுவிட்டேன்.