ராணிக்கு இன்று ஓவர்டைம்

ஷார்ஜா ரோலா கடைவீதி நெரிசலை நீந்தி, பார்க்கிங் கிடைக்காத பெருங்கவலையோடும் பைந்தமிழ் கேட்க வந்திருக்கும் பெரியோர்களே! அவைத்தலைவர் பன்னீர்செல்வம் ஐயா அவர்களே! மன்னராக நடித்த வியர்வை இன்னும் அடங்காமல் வீற்றிருக்கும் சங்கச் செயலாளர் சேதுமாதவன் ஐயா அவர்களே! ராணிக்கு உடை தைத்தீர்கள், வசனம் சொல்லிக்கொடுத்தீர்கள், ஆனாலும் மேடைக்குக் கீழேயே அமரவைக்கப்பட்ட தாய்மார்களே! இந்த வீரபாண்டியின் வணக்கம், வணக்கம், வணக்கம்!

சிறந்த பெண் வேட நடிகர் என்று இந்தக் கேடயத்தை என் கையில் கொடுத்துவிட்டீர்கள். "பெண்களுக்கே வராத பெண்மை" என்று நடுவர் சாதிக் பாட்ஷா ஐயா பாராட்டினார். கேட்டதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏன்?

சொல்கிறேன். மூன்று மாதம் முன்பு, "ராணியா நான் நடிக்கிறேனே" என்று ஆசையாகக் கேட்டார் செயலாளரின் துணைவியார் ஷியாமளா அண்ணி. செயலாளர் என்ன சொன்னார்? "இது கிரேக்க நாடகம். பண்டைய ஏதென்ஸில் பெண் வேடமும் ஆண்தான் போட்டான். மரபு கெடலாமா?" என்றார். ஏதென்ஸ் மரபைக் காக்க ஷார்ஜாவில் ஓர் ஆள்! அந்த மரபு யார் தலையில் விழுந்தது? ஐந்தடி உயரமும் அரையடி மீசையும் கொண்ட என் தலையில்! மீசையை எடுக்க மாட்டேன் என்றேன். "முகமூடி இருக்குப்பா, மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சனையும் இல்ல" என்றார்.

மூன்று மாதம் அண்ணிதான் எனக்கு வசனம் சொல்லிக்கொடுத்தார். நான் மறந்த வரிகளை அவர் கண்கலங்கிச் சொல்வார். எனக்கே வெட்கமாக இருக்கும்.

இன்று சைட்டில் கான்கிரீட் வண்டி லேட். ஊற்ற ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியுமா? நாடகமோ ஆறு மணிக்கு. ஐந்தரைக்குப் போன் போட்டேன். "அண்ணி, ராணிக்கு ஓவர்டைம். நான் வரல." அந்தப் பக்கம் அண்ணி எழுந்து நடக்கும் செருப்புச் சத்தம். பிறகு, "முகமூடி மேக்கப் ரூம்லதானே இருக்கு, தம்பி?" என்றார்.

யாருங்க அங்கே அய்யய்யோ என்பது? செயலாளரா? இருங்கய்யா, இன்னும் முடிக்கல!

நான் வந்தது கடைசிக் கைதட்டலுக்கு. என் பூட்ஸைப் பாருங்கள், கான்கிரீட் இன்னும் காயவில்லை. ஃபோர்மேன் கௌஸ் முகைதீன் பாய், நீங்களே சொல்லுங்க! "ஆமாப்பா, என்கூடத்தான் இருந்தான்!" கேட்டீர்களா?

கிரேக்கத்தில் ஆண், பெண்ணாக நடித்தான். ஷார்ஜாவிலோ ஒரு பெண், பெண்ணாக நடிக்கும் ஆணாக நடித்தார்! "நீ யாரடி?" என்று கர்ஜித்த மன்னரே, பதினைந்து வருடமாக வீட்டில் கேட்கிற குரலாயிற்றே, தெரியவில்லையா? சிரிக்காதீங்கம்மா, அவர் இன்னைக்கு வீட்டுக்குப் போகணும்.

அடுத்த மாதம் குவைத் ஃபர்வானியாவுக்கு இந்த நாடகம் போகிறது. நடிகர் பட்டியல் தலைவர் மேசையில். ராணி என்ற இடத்தில் என் பெயர். யார் நடிப்புக்குக் கைதட்டினீர்கள்? யார் அழுதபோது நீங்களும் அழுதீர்கள்? அவர் பெயர் அங்கே இருக்க வேண்டாமா? என் பெயரை அடியுங்கள் ஐயா, அடியுங்கள்!

செயலாளர் எழுந்துவிட்டார். என்னங்கய்யா முணுமுணுப்பு? "என்னைவிட நல்லா நடிச்சிட்டா" என்கிறாரா? பேனாவை எடுக்கிறார். எழுதுகிறார். சத்தமாகப் படிங்கய்யா! "ராணி, ஷியாமளா!"

கலாஸ், முடிந்தது! பொறுமை காத்த அவைக்கு என் நன்றி. ஆனால் வணக்கம் சொல்லி முடிக்கும் உரிமை ராணியுடையது. அண்ணி, மேலே வாங்க. முகமூடியைக் கீழேயே வெச்சிட்டு வாங்க.