கறுப்பு வானத்துக்கு எவ்வளவு மை

கிட்ட வந்து உக்காரும்மா, இந்த மெஷின் சத்தத்துல நான் பேசறது காதுல விழாது. பாஸ்போர்ட் நகல்தானே, தர்றேன், கொஞ்சம் சூடேறட்டும். மை விக்கிற விலைக்கு... இன்னிக்கு மட்டும் விலை கேக்காதே. வாயத் தொறந்துதான் கெட்டேன்.

நம்ம நாரின் ஊர்ச் சந்தையில கம்பளி விக்கிறாளே ஜூராகான், தெரியுமில்ல? மகனுக்குக் கல்யாணம், இருநூறு பத்திரிகை வேணும், தாளுக்கு எவ்வளவுன்னா. பத்திரிகைன்னா என்ன, எட்டு வரி எழுத்து, ஓரத்துல ஆட்டுக்கொம்புக் கோலம். இருபது சோம் காசுன்னேன். எதிர்க்கடைக்குப் போயிருவாளோன்னு பயம் வேற. அவ சரிங்கறதுக்குள்ள ரெண்டு கையையும் ஏந்தி, மணமக்களுக்கு ஆசி சொல்லி, என் முகத்தைத் தடவிட்டேன். தடவிட்டா பேச்சு முடிஞ்சுது, அப்புறம் விலை பேசக் கூடாது. உனக்குத் தெரியாததா.

அப்புறந்தான் போனை எடுக்கறா. மகன் ரஷ்யாவுல, கசான்ல இருந்து அனுப்பின படமாம். தாள் முழுக்க ராத்திரி வானம் தாயி! கரிச்சட்டி மாதிரி கறுப்பு. அதுல பேரெல்லாம் நட்சத்திரமா மின்னுது.

மை டப்பாவுல நாலாயிரம் பக்கம்னு போட்டிருக்கான். நாலு வரி எழுத்துக்குத்தான் அந்தக் கணக்கு... பத்துத் தாள் போட்டதும் புட்டியில ஒரு விரக்கடை எறங்கிப்போச்சு. மையைக் கொறச்சு வச்சுப் போட்டேன், சாம்பலா வந்துச்சு. அவ வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, வானத்துக்குக் காய்ச்சலான்னு கேக்கறா.

வேற வழி? அவளை உக்கார வச்சு, டீ ஊத்திக் குடுத்து, ஒரு தாள்ல கணக்கே எழுதிக் காட்டினேன். கறுப்பு வானத்துக்கு மை மட்டும் இருபது சோம். தாள் மூணு. உன்கிட்ட வாங்கறதே இருபது, நான் ஓட்டாண்டி ஆயிருவேன். இதையே வெள்ளைத் தாள்ல கறுப்பு எழுத்தாப் போட்டா மை ஒரே சோம்தான், பாரு, பாருன்னு அடிக்கோடெல்லாம் போட்டேன். ஆசி சொல்லி முடிச்ச பேச்சை நீயே தளத்திக் குடு தங்கச்சின்னு கெஞ்சினேன்.

பாவம், மனசு எரங்கிட்டா. மகன்கிட்ட நான் பேசிக்கறேன், வெள்ளையாவே போடுங்கன்னா. நானும் அப்பாடான்னு மூச்சு விட்டேன்.

உடனே என் பென்சிலையே எடுத்து, என் கணக்குக்குக் கீழயே எழுதறா. மை ஒண்ணு, தாள் மூணு.

"உங்க கூலி ரெண்டு வச்சுக்கலாமா அண்ணே? ஆக ஆறு."

எல்லாம் என் கையெழுத்து. மறுபடி கையை ஏந்தி முகத்தைத் தடவினோம். இந்தத் தடவை அவதான் முந்திக்கிட்டா.

சரி போறா, போகட்டும்னு பாத்தா, வாசல் வரைக்கும் போனவ திரும்பி வந்தா. அந்தக் கணக்குத் தாளை மெஷின் கண்ணாடியில கவுத்து வச்சா.

"ஒரு நகல் எடுங்கண்ணே. அடுத்த மாசம் என் தங்கச்சி வீட்டுல கல்யாணம்."