கராஜுக்கு வெளியே பிள்ளையார்

"பிள்ளையாரை நான்தான் கராஜுக்கு வெளியிலை வைச்சனான்," என்றாள் எதிர் இருக்கையில் இருந்தவள், தன் கணவனிடம். வெளியே குளிர்; ரயிலுக்குள் கதகதப்பாக இருந்ததால், போக இடமில்லாமலே நான் கடைசி நிலையமான கிளென் வேவர்லி வரை போய்க்கொண்டிருந்தேன்.

"ஏனப்பா? கற்பூரம் கொளுத்தாமல் நான் தச்சுவேலை தொடங்கிறேல்லையே."

"கொளுத்திப்போட்டு உடனை வார்னிஷ் டின்னைத் திறக்கிறீங்கள், அந்த ஆவி நெருப்புப் பிடிக்கும். பக்கத்திலை காஸ் ஹீற்றர், அதுக்குள்ளையும் நெருப்பு. கராஜுக்கு மேலைதான் பிள்ளை படுக்கிறாள்."

"இவ்வளவு நாளும் அவர்தானே பாத்துக்கொண்டவர்."

"அவருக்குத் தும்பிக்கை இருக்கு, வார்னிஷ் எப்பவோ மணந்திருக்கும். உங்களுக்குத்தான் மணக்கேல்லை."



"அப்ப கற்பூரம்?"

"பூ மட்டும் வையுங்கோ, காணும்."

"பிள்ளைக்குச் செய்யிற மேசையையும் வெளியிலை வைச்சே வார்னிஷ் அடிக்கிறன். ஆனால் அது பாரம். மற்றப் பக்கம் ஆர் தூக்கிறது?"

"நான்தான், வேறை ஆர்?"