மணி அடித்தவர்

மாலை ஆறரை மணி. ஆற்றுக்கு இறங்கும் மண்பாதையில் ஈ காக்கை இல்லை. மழைக்கு முந்தின ஈரக்காற்று... அழுகிய இலை வாசனை... அந்தப் பாதையில் இரண்டு பேர் நடந்து போகிறார்கள். என் நண்பனுடைய மச்சானும் அவர் மனைவியும்.

மச்சான் நகரத்தில் ஏ.சி. மெக்கானிக். வாய் ஓயாமல் பேசுவார். ஆனால் தப்பு செய்துவிட்டால் மட்டும் மன்னிப்பு தொண்டையிலேயே சிக்கிக்கொள்ளும். நாலு நாள் நிம்மதியாக இருக்கலாம் என்று ஒரு சின்ன ஊருக்கு வந்திருந்தார்கள். ஒரே கடைத்தெரு, ஒரே விடுதி, சுற்றிலும் காடும் ஆறும்.

கிளம்பும்போதே விடுதியை நடத்தும் பெண் சொல்லியிருந்தாள். "இருட்டறதுக்குள்ள வந்துடுங்கக்கா. மேல மழை பெய்யுது, தண்ணி ஏறும்."

கரையில் ஒரு கம்பம், அதில் ஒரு பித்தளை மணி. அக்கரையில் இருக்கும் படகுக்காரரைக் கூப்பிடுவதற்கு. நம்ம ஆள் கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா? கயிற்றை இழுத்தார். டாங்...

சிரித்து முடிப்பதற்குள் மூடுபனிக்குள் துடுப்புச் சத்தம். சளக்... சளக்... வயதானவர் ஒருவர், மூச்சு வாங்க வந்து படகை நிறுத்தினார்.

மச்சானுக்கு முகம் செத்துப்போயிற்று. பெரியவரை வீணாக அலையவிட்டுவிட்டோமே என்ற வெட்கம். அந்த வெட்கத்தில் என்ன செய்தார் தெரியுமா? மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிந்தார்.

"வந்துட்டேங்க. பயப்படாதீங்க, மெதுவா இறங்கி வாங்க," என்றார் படகுக்காரர், இருட்டைப் பார்த்து.

"போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க," என்று மனைவி கிசுகிசுத்தாள்.

"விடு. கொஞ்ச நேரம் பார்த்துட்டு அவரே போயிடுவாரு."

அவர் போகவில்லை. மழை பிடித்துக்கொண்டது. இவர்கள் பூனை மாதிரி நழுவி விடுதிக்கு வந்துவிட்டார்கள்.

காலையில் விடுதியில் அடுப்பு எரியவில்லை. வாசலில் கூட்டம். படகு கவிழ்ந்து, பெரியவரின் உடல் ரொம்ப தூரம் தள்ளி, கீழே ஒரு பாலத்தடியில் ஒதுங்கியிருந்ததாம். அந்த விடுதிக்காரப் பெண்ணின் அப்பா அவர்.

"மணி அடிச்சவங்கள ஏத்தாம அப்பா திரும்பவே மாட்டாரு," என்றாள். கண்கள் வீங்கியிருந்தன. "சத்தம் எனக்கே கேட்டுச்சு. அந்த ஆளையும் தண்ணி இழுத்துட்டுப் போயிருக்கும். யார் பெத்த பிள்ளையோ... நீங்க யாரையாச்சும் பார்த்தீங்களாக்கா?"

ஊர் ஆண்கள் நீண்ட கழிகளால் ஆற்றைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். இல்லாத ஓர் ஆளைத் தேடி. மனைவி வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார். "இல்லீங்க. மழை வருதுன்னு நாங்க பாதியிலயே திரும்பிட்டோம்."

அதற்கப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே கூசியது. ஒரு வருஷம் கழித்து மனைவிதான் பிடிவாதமாகத் திரும்பக் கூட்டிவந்தாள், அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று. விடுதி வாசல்வரை போனார். அவள் சிரித்துக்கொண்டே, "வாங்கண்ணே," என்றாள். அவ்வளவுதான். "கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வரேம்மா," என்று ஆற்றுப் பக்கம் திரும்பிவிட்டார். மனைவியும் கூடவே வந்தாள்.

கம்பம் அப்படியே நின்றது. மணியை ஊர்க்காரர்கள் கழற்றிவிட்டிருந்தார்கள். மச்சான் வெறும் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அப்போது... சளக்... சளக்...

மச்சான் என்ன செய்தார் என்று கேட்கவே வேண்டாம். அதே மரம்.

"வந்துட்டேங்க. பயப்படாதீங்க, மெதுவா இறங்கி வாங்க."

மனைவி ஒளியவில்லை. தண்ணீர்வரை இறங்கிப் போனாள். "நாங்கதாங்க மணி அடிச்சோம்," என்றாள். பலகையில் கால் வைக்கிற சத்தம்... அவள் ஏறிவிட்டாள். இவர் கத்திக்கொண்டு ஓடிவருவதற்குள் துடுப்புச் சத்தம் பனிக்குள் போய்விட்டது. திரும்பக் கூப்பிட மணி இல்லை.

இதையெல்லாம் என் நண்பனிடம் மட்டும் சொல்லி அழுதாராம். மனைவி கால் தவறி ஆற்றில் விழுந்துவிட்டாள் என்றுதான் ஊரை நம்பவைத்திருக்கிறார். இன்றைக்கும் அதே விடுதியில்தான் கிடக்கிறார். பரிதாபப்பட்டு அந்தப் பெண்தான் சோறு போடுகிறாள். பொழுது சாய்ந்ததும் கம்பத்தடியில் நின்று மனைவியைக் கூப்பிடுவார். பிறகு மூடுபனிக்குள்ளிருந்து, காதோரம் கிசுகிசுப்பதுபோல, அவள் குரல் வரும்...

"போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."