சிவப்புக் கைப்பிடி

இல்ல சார், உங்க விபத்து ரிப்போர்ட்ல பயந்தேன்னு மட்டும் எழுதாதீங்க. பதினெட்டு வருஷமா பாராகிளைடர்ல பறக்குறவன், சும்மாவா? உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், சுவரோட சாய்ச்சுப் போட்டுக்கங்க. காலா? ரெண்டு எடத்துல முறிஞ்சிருக்கு. மரம் வந்து தாங்கலன்னா நீங்க என்னை விசாரிக்க வேற உலகத்துக்கு வந்திருக்கணும்.

மூணு பேரு போனோம். ஒட்டகம், வாத்தியார், நான். ஒட்டகம்னா அவனுக்குக் கழுத்து அவ்வளவு நீளம். நெசப் பேரு அவன் பொண்டாட்டிக்கே மறந்திருக்கும். ரெண்டு வருஷமா வாடா வாடான்னு கூப்பிட்டு, கடைசியில இழுக்காத குறையா கூட்டிட்டுப் போனாங்க. சூடு காத்து தூக்குச்சு பாருங்க, மூணு பேரும் பருந்து மாதிரி சுத்திச் சுத்தி ஏறி மலை உச்சிக்கே மேல போயிட்டோம். காலுக்குக் கீழ உச்சி! எங்க நிழல் மூணும் பாறை மேல தொட்டுத் தொட்டு வெளையாடுது. வாத்தியார் வாக்கி டாக்கியில பாட ஆரம்பிச்சார். அந்தக் குரலுக்கு மலையே எந்திரிச்சு ஓடணும். சிரிச்சேன் சார். எத்தனை நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரிச்சேன்.

அப்பத்தான் எனக்கு மேல பாராகிளைடர் றெக்கைத் துணி ஒரு பக்கம் மடங்கிப்போச்சு. சுத்திக்கிட்டே விழுறேன். ஸ்பேர் பாராசூட்ட வீசுடா, சிவப்புக் கைப்பிடிய இழுடான்னு ரெண்டு பேரும் கத்துறாங்க. கேட்டுச்சு, நல்லாவே கேட்டுச்சு. கை அந்தக் கைப்பிடி மேலதான் இருந்துச்சு.

சேச்சே, சிக்கல்லாம் இல்ல. இழுத்திருந்தா பாராசூட் வந்திருக்கும். மடிச்சதுல குறைன்னு எழுதிடாதீங்க. யாரு மடிச்சதா? என் பொண்டாட்டிதான், வீட்ல வச்சு. ஆறு மாசத்துக்கு ஒருக்கா பிரிச்சு மடிக்கணும்ல? கட்டில ஓரமா தள்ளிட்டு, கதவுப் பிடியில கயித்த மாட்டி, முட்டி போட்டுக் காத்த அமுக்கி அமுக்கி வெளிய தள்ளுவா. சட்டை மடிக்கத் தெரியாத மனுஷனுக்கு ஆகாசம் கேக்குதான்னு திட்டிக்கிட்டே செய்வா. என்னைத் தொட விடமாட்டா. பறக்குறது உங்க வேலை, திரும்பி வர வைக்கிறது என் வேலைம்பா.

ஆமா, பையில இருக்குற சீட்டுல மடிச்ச தேதி பழசுதான். தேதிய எழுதுனது அவதான். எழுதி மூணாம் மாசம் போய்ச் சேந்துட்டா. மடிச்சாச்சாடான்னு ஒட்டகம் கேட்டான். ஆச்சுன்னேன். பொய்யில்லையே, மடிச்சுத்தானே இருந்துச்சு?

அவ துணியெல்லாம் அவ தங்கச்சி எடுத்துட்டுப் போயிட்டா. மெத்தை விரிப்ப நானே தொவைச்சுத் தொலைச்சேன், முட்டாள். அவ கை மடிச்சது மடிச்சபடியே இருக்குறது இது ஒண்ணுதான் சார்.

அய்யோ, இருங்க, அந்தப் பாராசூட் பையில கைப்பிடிய இழுத்துடாதீங்க. கீழ வைங்க, மெதுவா. சோதனைல்லாம் வேண்டாம். நான் பயந்துட்டேன்னே எழுதிக்கங்க.